ஓட்டையில் உலகம் கண்ட ஓட்டோ பேயர்



இந்த ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. மூன்று வருடமாக லேப் ரெக்கார்டு தவிர வேறு எதுவும் எழுதி அறியாதவள் நான். நியூட்டன், ஐன்ஸ்டீன், சர் சி.வி.ராமன் என்று பெரிய பெயர்களைப் பற்றி எழுத மற்ற டிபார்ட்மெண்ட் தோழர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது, நீங்கள் போட்டிருக்கிற ஷூவுக்கு அடியிலும், சொகுசு பஸ்ஸின் சீட்டுக்கு உள்ளேயும், ஃபிரிட்ஜ் கதவின் வயிற்றுக்குள்ளும் ஒளிந்துகொண்டிருக்கிற ஒருவரைப் பற்றி. அவர் பெயர் ஓட்டோ பேயர். இந்தப் பெயரைச் சொன்னதும் ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில் தோழி, அது எந்த ஸ்டாண்டு ஆட்டோ என்று கேட்டாள். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பேயர் என்றதும் தலைவலி மாத்திரைக் கம்பெனி முதலாளியோ என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆஸ்பிரின் விற்ற அந்தக் கம்பெனியை 1863-ல் தொடங்கியவர் ஃபிரீட்ரிஷ் பேயர். நம்முடைய ஓட்டோ பேயர் அந்தக் குடும்பத்துக்கு உறவு இல்லை. பெயர்ப் பொருத்தம் தற்செயலாக அமைந்தது. ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதி அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்தார் என்பதுதான் வேடிக்கை.

அவரைப் பற்றி நான் ஏன் தேடிப் படித்தேன் என்பதற்குக் காரணம் எங்க அப்பா. அப்பா ஒரு ஷூ சோல் தயாரிக்கிற யூனிட்டில் வேலை செய்கிறார். பி.யூ. சோல் ஊற்றுகிற வேலை. இரண்டு டிரம்மில் இரண்டு கெமிக்கல் இருக்கும். ஒன்றைப் பாலி என்பார்கள், இன்னொன்றை ஐசோ என்பார்கள். மெஷின் இரண்டையும் கலந்து மோல்டுக்குள் ஊற்றும். மூடியைப் போட்டுச் சில நிமிடம் கழித்துத் திறந்தால் உள்ளே சோல் தயார். அம்மா இன்னொரு கம்பெனியில் அப்பர் தைக்கிறார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பத்தாவது முடித்ததும் பாலிமர் டெக்னாலஜி எடுக்கிறேன் என்று சொன்னபோது, அது என்ன படிப்பு என்று அப்பா கேட்டார். நீங்க தினமும் ஊத்துறீங்களே அதுதான் என்றேன். ஊத்துறதுக்கு எதுக்குப் படிப்பு என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் அப்ளிகேஷன் வாங்க அவரே கூட வந்தார்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் வீட்டில் சண்டை வரும். அந்த மாதங்களில்தான் அப்பாவின் மோல்டில் ரிஜெக்ட் அதிகம் விழும். சோலை அறுத்துப் பார்த்தால் உள்ளே பட்டாணி அளவு ஓட்டைகள். சில சோல்கள் மூடியைத் தூக்கிக்கொண்டு பிதுங்கியிருக்கும். ரிஜெக்ட்டுக்குக் கூலியில் பிடித்தம் உண்டு. தூங்கிக்கொண்டே ஊத்துறியா என்று சூப்பர்வைசர் கேட்பாராம். அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அப்பா பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்து எங்களிடம் எரிந்து விழுவார். மழைக்காலம் என்றாலே தன் கைராசி போய்விடுகிறது என்று அவரே நம்பிவிட்டார்.

இப்போது ஜெர்மனிக்குப் போவோம்.

ஓட்டோ பேயர் 1902-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தார். அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். யூலியஸ் ஃபான் பிரான் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து 1924-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்போது அவர் 22 வயதைத் தாண்டியிருக்கவில்லை. நம்மில் சிலர் அந்த வயதில் அரியர் பேப்பர் எழுதிக்கொண்டிருப்போம் என்பதை நினைத்துப் பாருங்கள்! பிறகு ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்திலேயே கசெல்லா என்ற சாயத் தொழிற்சாலையில் சேர்ந்தார். துணிக்குப் போடுகிற சாயங்களைத்தான் அங்கே ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில் ஜெர்மனியின் பெரிய கெமிக்கல் கம்பெனிகள் எல்லாம் 1925-ல் ஒன்று சேர்ந்து ஐ.ஜி. ஃபார்பன் என்ற ஒரே ராட்சத நிறுவனமாக ஆகியிருந்தன. 30 வயதைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே அந்த நிறுவனத்தின் லெவர்குசன் ஆலையில் தலைமை ஆராய்ச்சிக்கூடத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. ரைன் நதிக்கரையில் உள்ள ஊர் லெவர்குசன்.

அந்தச் சமயத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்ற மேதை டூபாண்ட் கம்பெனிக்காக நைலானைக் கண்டுபிடித்துவிட்டார். சுற்றிலும் பேடண்ட் வேலி போட்டுவிட்டார்கள். அந்த வேலியைத் தாண்டாமல் நைலான் போல ஒன்றை எப்படிச் செய்வது? ஜெர்மன்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பேயர் வேறு பாதையில் யோசித்தார்.

இதைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ள வேண்டும். நைலான் உண்டாகும்போது இரண்டு மூலக்கூறுகள் சேருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று விழும். ஃபிட்டிங் ஷாப்பில் வி-ஜாயிண்ட் போட நாம் அரம் வைத்து ராவும்போது தூள் விழுகிறதல்லவா, அப்படி. அந்தத் தண்ணீரை வெளியேற்றினால்தான் சங்கிலி நீளும். பேயர் நினைத்தது, தூளே விழாத ஜாயிண்ட். கொக்கியும் வளையமும் மாதிரி. ஒன்றை ஒன்று மாட்டினால் போதும், எதுவும் கழியாது. இதற்குப் பாலி அடிஷன் என்று பெயர்.

கொக்கியாக அவர் எடுத்துக்கொண்டது ஐசோசயனேட். இது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. 1849-லேயே ஊர்ட்ஸ் என்ற வேதியியலாளர் ஐசோசயனேட்டைச் செய்து காட்டிவிட்டார். ஆனால் 80 வருடங்களுக்கும் மேலாக அதனால் பெரிய தொழில் எதுவும் நடக்கவில்லை. தயாரிக்க ஃபாஸ்ஜீன் வேண்டும். அது முதல் உலகப்போரில் மனிதர்களைக் கொன்ற விஷவாயு. போதாததற்கு ஐசோசயனேட் எதைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்ளும் பேர்வழி. இரண்டு முனையிலும் ஐசோசயனேட் உள்ள மூலக்கூறை, இரண்டு முனையிலும் ஆல்கஹால் உள்ள மூலக்கூறோடு சேர்த்தால் நீளமான சங்கிலி கிடைக்கும் என்று பேயர் சொன்னபோது, இது நடக்கிற காரியமா என்று கூட வேலை செய்தவர்களே நம்பவில்லை. அவருடைய சக ஆராய்ச்சியாளர் ஹைன்ரிஷ் ரிங்கே தேவையான டை-ஐசோசயனேட்டைத் தயாரித்துக் கொடுத்தார். முதலில் அமீனோடு சேர்த்துப் பார்த்தார்கள். கிடைத்தது உருகவே மறுக்கிற ஒரு பொருள். பிறகு கிளைக்காலோடு சேர்த்தார்கள். இழை இழுக்க முடிந்தது! 1937 நவம்பர் 13 தேதியிட்ட பேடண்ட் அது. பாலியூரித்தேன் என்று நாம் பரீட்சையில் எழுதுகிற பொருள் அன்றுதான் காகிதத்தில் பிறந்தது. பேயருக்கு அப்போது 35 வயது.

ஆனால் நூலாக அது பெரிதாகச் சோபிக்கவில்லை. நைலானை அடிக்க முடியவில்லை. 1938-ல் அதே ஐ.ஜி. ஃபார்பனில் பால் ஷ்லாக் என்பவர் வேறு வழியில் பெர்லான் செய்துவிட்டார். நமது நைலான்-6 அதுதான். ஆக, எதற்காகத் தொடங்கினாரோ அந்தக் காரியத்தில் பேயர் இரண்டாம் இடம்தான். கதை இங்கேயே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையும் இல்லை, எங்க அப்பாவுக்கு அந்த வேலையும் இல்லை.

1941-ஐ ஒட்டிய காலம். பாலியெஸ்டரையும் டொலுயீன் டை-ஐசோசயனேட்டையும் கலந்து கட்டியான பிளாஸ்டிக் வார்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வார்த்ததை அறுத்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தது. எத்தனை தடவை செய்தாலும் குமிழி. சோதனைப் பிரிவுக்கு அனுப்பியபோது, சுவிஸ் நாட்டுச் சீஸைப் போலப் பொம்மை செய்ய வேண்டுமானால் இது உதவும், மற்றபடி எதற்கும் ஆகாது என்கிற மாதிரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஊர்ச் சீஸில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும், படத்தில் பார்த்திருப்பீர்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது லைப்ரரியில் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ரிஜெக்ட் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அவர் ஓட்டையை மறைக்கப் பார்க்கவில்லை. ஓட்டை எங்கிருந்து வந்தது என்று துருவினார். பாலியெஸ்டரில் மிச்சமிருந்த அமிலத் தொகுதிகள் ஐசோசயனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு வாயுவை விட்டிருக்கின்றன. தண்ணீர் இருந்தாலும் அதேதான் நடக்கும். ஐசோசயனேட்டும் தண்ணீரும் சேர்ந்தால் அமீனும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகும். பாத்திரத்தில் மாவு புளித்து வாயு விட்டு இட்லி உப்புகிற மாதிரி, இங்கே பிளாஸ்டிக் தானே வாயுவை உண்டாக்கித் தானே உப்பி, உப்பிய நிலையிலேயே இறுகிவிடுகிறது. அப்படியானால் தண்ணீரை நாமே அளந்து ஊற்றினால் என்ன? ஊற்றினார்கள். குறையாக இருந்தது நுரைப் பிளாஸ்டிக் ஆனது!

இதில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். 18 கிராம் தண்ணீர் முழுவதும் வினையாற்றினால் ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு, அதாவது அறை வெப்பத்தில் சுமார் 24 லிட்டர் வாயு. அப்படியென்றால் 1 கிராம் தண்ணீருக்குச் சுமார் 1.3 லிட்டர்! ஒரு ஸ்பூன் தண்ணீர் ஒரு குடம் அளவு நுரையைக் கிளப்பிவிடும்.

வெறும் ஓட்டை மட்டும் இருந்தால் போதாது, அது எப்படிப்பட்ட ஓட்டை என்பதுதான் எல்லாம். ஆப்பத்துக்கும் இட்லிக்கும் உள்ள வித்தியாசம். மெத்தைக்குப் பெரிய, ஒன்றோடொன்று திறந்துகொள்கிற கண்ணறைகள் வேண்டும். அழுத்தினால் காற்று வெளியே போகும், விட்டால் உள்ளே வரும். ஃபிரிட்ஜுக்கு மூடிய கண்ணறைகள் வேண்டும், வாயு வெளியே போகக் கூடாது. ஷூ சோலுக்கோ கண்ணுக்கே தெரியாத அளவு பொடிக் கண்ணறைகள் வேண்டும். இதைத்தான் மைக்ரோசெல்லுலார் என்கிறோம். அதை வாங்கச் சில சூட்சுமங்கள் இருக்கின்றன. கலக்கும்போதே நுண்ணிய காற்றுக் குமிழிகளைக் கலவைக்குள் சிதற விட வேண்டும். வாயு புதிதாகக் குமிழி கட்டுவதைவிட, ஏற்கெனவே இருக்கிற குமிழிக்குள் போய் நிறைவதையே விரும்பும். அதனால் தொடக்கப் புள்ளி எத்தனை கோடியோ அத்தனை கோடிக் கண்ணறை. இரண்டு சின்னக் குமிழிகள் சேர்ந்து ஒரு பெரிய குமிழி ஆகாமல் சிலிகோன் எண்ணெய் காவல் நிற்கும். கேட்டலிஸ்ட்டில் ஒன்று வாயு வேகத்தையும் இன்னொன்று இறுகும் வேகத்தையும் பார்த்துக்கொள்ளும். இரண்டும் கை கோத்துப் போக வேண்டும். வாயு முந்தினால் நுரை சரிந்து உட்கார்ந்துவிடும். இறுகுவது முந்தினால் உப்பாமல் கட்டையாகிவிடும். கடைசியாக, மோல்டில் தேவைக்கு மேலாகவே ஊற்றி மூடியை இறுக்கிப் பூட்டுகிறார்கள். மேலே எழும்ப இடமில்லாத நுரை உள்ளேயே நெருக்கிக்கொண்டு சின்னச் சின்னக் கண்ணறையாகிறது. மோல்டின் சுவரைத் தொடுகிற இடத்தில் கண்ணறையே இல்லாத கெட்டித் தோல் பிடிக்கிறது. நீங்கள் வெளியிலிருந்து பார்க்கிற வழவழப்பு அதுதான். தண்ணீரின் அடர்த்தியில் பாதிதான் இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் மிதிபடும்.

மறுபடி பேயரிடம் வருகிறேன். இந்தக் கண்டுபிடிப்பு பிறந்த காலத்தைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. நான் படித்த ஒரு புத்தகம் 1941-லிருந்து ஒரே தாவலாக 1952-க்குத் தாவிவிடுகிறது. நடுவில் என்ன நடந்தது? இரண்டாம் உலகப்போர். ஹிட்லரின் ஆட்சி. ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் பக்கத்தில் மோனோவிட்ஸ் என்ற இடத்தில் செயற்கை ரப்பர் ஆலை கட்டியது. முகாமின் கைதிகளை அடிமைகளாக வேலை வாங்கியது. ஆயிரக்கணக்கில் அங்கே செத்தார்கள். போருக்குப் பிறகு நூரம்பர்க்கில் 1947-48-ல் அந்த நிறுவனத்தின் தலைவர்கள் மீது வழக்கு நடந்தது. 13 பேருக்குத் தண்டனை கிடைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஓட்டோ பேயர் இல்லை. ஆனால் அவர் சம்பளம் வாங்கியது அந்த நிறுவனத்தில்தான். தண்டனை பெற்றவர்களில் ஒருவரான ஃபிரிட்ஸ் டெர் மேர் 1956-ல் பேயர் கம்பெனியின் மேற்பார்வைக் குழுவுக்கே தலைவராக உட்கார்ந்தார். அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் அப்போது ஓட்டோ பேயரும் இருந்தார். இதையெல்லாம் எழுதினால் கட்டுரையின் அழகு கெட்டுவிடும் என்று தோழி சொன்னாள். கெட்டால் கெடட்டும். சோதனைக்குழாயை மட்டும் பார்த்துக்கொண்டு பக்கத்து அறையைப் பார்க்காமல் ஒருவரால் எப்படி வேலை செய்ய முடிந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போர் முடிந்தது. ஐ.ஜி. ஃபார்பன் உடைக்கப்பட்டது. 1947-ல் பேயர் தன் பாலி அடிஷன் முறையை விரிவாக ஒரு ஜெர்மன் வேதியியல் இதழில் எழுதினார். உலகம் அதற்குப் பிறகுதான் முழுசாகப் பார்த்தது. 1951-ல் பேயர் கம்பெனி மீண்டும் தனியாகத் தலையெடுத்தபோது, ஆராய்ச்சிப் பொறுப்போடு இயக்குநர் குழுவில் சேர்ந்தார். அதன்பின் எல்லாம் வேகம்தான். வுல்கொல்லான் என்ற தேயாத ரப்பர், மோல்டோப்ரன் என்ற நுரை என்று ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வந்தன.

ஒன்றை இங்கே குறிப்பிட ஆசை. வினையைக் கண்டுபிடிப்பது ஒன்று, தொழிலாக்குவது வேறொன்று. கலந்த சில விநாடியில் நுரை எழும்பத் தொடங்கிவிடும். வாளியில் ஊற்றிக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருக்க முடியாது. இரண்டு திரவத்தையும் அழுத்தத்தோடு பீய்ச்சி, கண் இமைக்கிற நேரத்தில் கலந்து, தொடர்ந்து ஊற்றுகிற எந்திரம் வேண்டும். அதை உருவாக்கியவர்கள் அதே கம்பெனியின் பீட்டர் ஹோப்பேயும் அவர் குழுவினரும். ஹென்னக்கே என்ற எந்திரக் கம்பெனியும் சேர்ந்துகொண்டது. மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் இதைக் கவனிக்கணும்! நாங்கள் எவ்வளவு கெமிஸ்ட்ரி பேசினாலும் நாசிலும் பம்ப்பும் உங்கள் கையில்தான். அப்பாவின் மெஷினில் இருக்கிற மிக்சிங் ஹெட் அந்தப் பரம்பரையில் வந்த பேத்தி.

1954-ல் அமெரிக்காவில் மொன்சான்டோவோடு சேர்ந்து மோபே என்ற கம்பெனி. 1967-ல் டூசல்டார்ஃப் பிளாஸ்டிக் கண்காட்சியில், பாடி முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆன ஒரு காரையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1975-ல் ரப்பர் உலகின் பெரிய விருதான சார்லஸ் குட்இயர் பதக்கம் ஓட்டோ பேயருக்குக் கிடைத்தது. நோபல் பரிசு கிடைக்கவில்லை. பாலிமர் துறையில் ஸ்டாடிங்கருக்கு 1953-லும் சீக்ளர், நாட்டா இருவருக்கும் 1963-லும் கிடைத்தது. அவர் 1982 ஆகஸ்ட் 1 அன்று லெவர்குசனுக்குப் பக்கத்தில் புர்ஷைட் என்ற ஊரில் காலமானார். வயது 79.

அவர் மறைகிற சமயத்தில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் நாம் சுஹ் குழுவினர் ஓட்டையை இன்னும் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்கள். கெமிக்கல் வினையே வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு அல்லது நைட்ரஜனை அழுத்தத்தில் பிளாஸ்டிக்குக்குள் கரைத்து, திடீரென்று அழுத்தத்தை விடுவித்தால் ஒரே சமயத்தில் கோடிக்கணக்கில் குமிழி பிறக்கும் என்று காட்டினார்கள். சோடா பாட்டிலைத் திறந்தால் வருகிறதே, அதே சங்கதி. ஒவ்வொரு கண்ணறையும் 10 மைக்ரான் அளவுதான். தலைமுடியின் தடிமனைவிட மிகச் சின்னது. எந்தப் பிளாஸ்டிக்கிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு பழுதுகள் இருக்கத்தான் செய்யும். ஓட்டை அந்தப் பழுதைவிடச் சின்னதாக இருந்தால் பொருளின் பலம் குறையாது, பிளாஸ்டிக் மட்டும் மிச்சமாகும் என்பது அவர்களுடைய எண்ணம்.

பேயர் உயிரோடு இருந்து பார்க்காத இன்னொன்றும் உண்டு. ஃபிரிட்ஜ் நுரையை உப்ப வைக்கச் சேர்த்த சி.எஃப்.சி.-11 ஓசோனைத் தின்றது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதற்கும் முன்னால் 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபால். அங்கே கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட். பூச்சிமருந்துக்காக வைத்திருந்தது, நுரைக்காக அல்ல. அப்பா ஊற்றுகிற எம்.டி.ஐ. அதைப்போல ஆவியாகிப் பறக்காது, அதனால் பயந்துவிட வேண்டாம். ஆனாலும் டேங்க்குக்குள் தண்ணீர் புகுந்தது, வினை சூடேறியது, வாயு பீறிட்டது என்று படிக்கும்போது, பேயரின் பாத்திரத்தில் நடந்த அதே வினையின் இன்னொரு முகம் தெரிந்தது. அளந்து விட்ட தண்ணீர் மெத்தை ஆனது. அளக்காமல் புகுந்த தண்ணீர் ஒரு ஊரையே கொன்றது.

அளக்காமல் புகுந்த தண்ணீர். இந்த வார்த்தைதான் என்னை வீட்டுக்கு ஓட வைத்தது. போன தீபாவளி லீவு. வெளியே அடைமழை. டிரம் எப்படி இருக்கும் என்று அப்பாவிடம் கேட்டேன். பாலி டிரம்மில் பம்ப் குழாய் சொருகியிருப்பதால் மூடி போடுவதில்லை, இரவெல்லாம் திறந்தேதான் கிடக்கும், பாதி தீர்ந்த டிரம் இரண்டு மூன்று நாள் அப்படியே இருக்கும் என்றார். பாலியால் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும் என்று எங்கள் பாடத்திலேயே இருக்கிறது! நோட்டின் பின்பக்கத்தில் அப்பாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு சோலுக்கு 100 கிராம் பாலி என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.1 சதவீதம் ஈரம் கூடினால் 0.1 கிராம் தண்ணீர். அதிலிருந்து வருவது 130 மில்லி வாயு. அது ஒரு டீ கிளாஸ் அளவு. ஒரு சோலுக்குள் கேட்காமல் ஒரு டீ கிளாஸ் வாயு புகுந்தால் பிதுங்காமல் என்ன செய்யும்? அப்பா ரொம்ப நேரம் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாசிக்க வராது. ஆனால் 130 என்ற எண் தெரியும்.

லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று நைட் ஷிப்டில் அப்பா இரண்டு பேப்பர் கப் எடுத்திருக்கிறார். ஒன்றில் புதிதாக உடைத்த டிரம்மிலிருந்து பாலி, இன்னொன்றில் திறந்து கிடந்த டிரம்மிலிருந்து அதே எடை பாலி. இரண்டிலும் ஒரே அளவு ஐசோ விட்டுக் கலக்கி வைத்தார். முதல் கப் விளிம்போடு நின்றது. இரண்டாவது கப் காளான் மாதிரி மேலே வழிந்தது. இரண்டையும் காலையில் சூப்பர்வைசர் மேஜையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவர் கேட்டாராம். எங்க பாப்பா என்றாராம் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது டிரம்மின் வாயில் பாலித்தீன் ஷீட்டை இழுத்து, சைக்கிள் டியூப்பால் கட்டிவிடுகிறார்கள். கார்த்திகையில் ரிஜெக்ட் பாதியாகக் குறைந்தது. முந்தின வருடங்களில் பிடித்த பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆனால் மிச்சம் ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு இரண்டு வருடமாக இருமல். ஞாயிற்றுக்கிழமை குறையும், புதன்கிழமை கூடும். ஐசோசயனேட் ஆவி சிலருக்கு நாள்பட நாள்பட மூச்சிரைப்பைக் கொண்டுவரும், ஒருமுறை உடம்பு அதற்குப் பழகி எதிர்க்க ஆரம்பித்துவிட்டால் துளி பட்டாலும் ஒத்துக்காது என்று படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. டாக்டரிடம் அழைத்துப் போனேன். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஊற்றுகிற இடத்துக்கு மேலே உள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாமல் பல மாதமாகிறது. அப்பா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஊற்றுகிறார். துண்டு தூசியைத்தான் தடுக்கும், ஐசோவைத் தடுக்காது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். பேக்கிங் செக்‌ஷனுக்குப் போனால் மாதச் சம்பளம் குறையும், என் கடைசி செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டுமே என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

போன வாரம்தான் சம்மதித்தார். ஃபேனைச் சரிசெய்யவும், தன்னைப் பேக்கிங்கிற்கு மாற்றவும் கேட்டு ஒரு மனு. எழுதியது நான். அப்பா கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

- மூன்றாம் ஆண்டு, பாலிமர் டெக்னாலஜி